பள்ளிப் பிள்ளைகளும் ஊர்த் தண்ணீர்க் கணக்கும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் பள்ளிக்கூடங்களில் பயிலும் பிள்ளைகளுக்கு வடதுருவத்தில் பனி உருகுவதும், கடல் மட்டம் உயர்வதும் பாடமாகப் போதிக்கப்படுகின்றன. பரீட்சையில் கேட்டால் அவர்கள் பிழையின்றி எழுதவும் எழுதுகிறார்கள். ஆனால் தங்கள் ஊர் ஏரி கடைசியாக எந்த வருஷத்தில் கலங்கல் வழிந்தது, தங்கள் தகப்பனார் கிணற்றில் சித்திரை மாதத்தில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கூறக்கூடிய பிள்ளைகள் மிகச் சிலரே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அக்கேள்விகளை அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டாலும் பார்த்துச் சொல்வதற்குப் பெரும்பாலான ஊர்களில் ஒரு புஸ்தகம் இல்லை.

உத்தரவுகளுக்குக் குறைவு இருந்ததாகவும் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ஆம் வருஷத்திலேயே உத்தரவிட்டது. 2003-ல் மீண்டும் வற்புறுத்திற்று. தேசிய பசுமைப் படை என்னும் பெயரால் பள்ளிகளில் மன்றங்கள் ஏற்பட்டு இருபது வருஷங்களுக்கு மேலாகின்றன. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் காலநிலை மாற்ற இயக்கம் ஒன்றைத் தொடங்கி, ஜில்லாதோறும் அதன் பொறுப்பைக் கலெக்டரிடம் ஒப்புவித்தது. மன்றங்கள் மரக்கன்று நடுவதும், சித்திரப் போட்டி நடத்துவதும் நல்ல காரியங்களே. எனினும், கன்று நட்ட பிள்ளைக்கு அதன் வேருக்குக் கீழே ஜலம் எத்தனை அடியில் இருக்கிறதென்று தெரியாமலிருப்பது கல்வியில் ஒரு பெருங்குறையாகும். அக்குறையைத் தீர்ப்பது உபாத்தியாயரால் மட்டும் ஆகக்கூடியதன்று. கிணறும் நிலமும் உடைய மிராசுதாரர்களும், கணக்கை வைத்திருக்கும் கிராம அதிகாரிகளும் மனம் வைத்தாலன்றி அது நடவாது.

இப்பாடத்தைப் போதிப்பதற்கு இவ்விரு ஜில்லாக்களைப் போல் வசதியான இடம் தமிழ்நாட்டில் வேறு அதிகமில்லை. பச்சைமலை அடிவாரத்திலிருந்து கிழக்கே செல்லும் ஒருவர் ஒரே நாளில் பல வகையான பூமியைக் கடந்துவிடலாம். வேப்பந்தட்டை, பெரம்பலூர்ப் பக்கத்தில் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் கிழக்கே அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் படிந்த பூமி. அப்பால் ஜெயங்கொண்டத்தைச் சூழ்ந்து முந்திரி விளையும் செம்மண் மேடு. தெற்கே திருமானூர், தா.பழூர்ப் பக்கம் கொள்ளிடத்தின் வண்டல். வானம் இவை எல்லாவற்றின் மேலும் ஒன்றுபோல் பொழிந்தாலும் கிணறுகள் ஒன்றுபோல் ஊறுவதில்லை.

இதன் காரணத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்துகொள்ளக்கூடிய ஒரு கணக்கினால் விளக்கலாம். கடும்பாறையின் வெடிப்புகளிலும், சிதைந்த மேற்பகுதியிலும் ஜலம் தங்குவதற்குள்ள இடம் நூற்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழைநீர் பூமிக்குள் இறங்கும்போது நீர்மட்டம் 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சிறிது மேலாக, உயரும். மணற்பாங்கான பூமியில் அவ்விடம் நூற்றில் பத்துப் பங்காயின், அதே ஜலத்தால் மட்டம் அரை மீட்டர்தான் உயரும். பார்ப்பவர்களுக்குப் பாறைக் கிணறே பாக்கியமுள்ளதாகத் தோன்றும். இறைக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. எட்டடி ஏறிய கிணறு, அதே அளவு ஜலம் எடுக்கப்பட்டதும் எட்டடி இறங்கிவிடும். கார்த்திகையில் கிணறு நிரம்பி நிற்பதைக் கண்டு நம்பி, கையிலுள்ள பணத்தையெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் கொடுத்து, மாசியில் பயிர் கதிர் வாங்கும் தருணத்தில் கிணற்றடியில் கைபிசைந்து நிற்பது பெரம்பலூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் பலர் பட்ட அநுபவம். அப்போது மூன்று நூறு அடி, ஐந்நூறு அடி, அதற்கும் மேல் என்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள். அந்த ஆழத்தில் கிடைப்பது அவ்வருஷத்து மழை அன்று. பல வருஷங்களாக வெடிப்புகளில் சேர்ந்து நின்ற ஜலமேயாகும். பெரம்பலூர் ஜில்லாவின் பிர்க்காக்களுள் பல, ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்ற வகுப்பில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தாரால் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் இலவசமாக வருவதால் எடுக்கும் ஜலத்துக்குக் கைக்கணக்கும் இல்லாமற்போயிற்று. கமலை ஏற்றத்தில் இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பாவது ஒரு கணக்காக இருந்தது.

நிற்க. இப்பூமியின் பூர்வ சரித்திரமே சீதோஷ்ண மாறுதலுக்குப் பெரிய சாட்சியாகும். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. பூதத்துவ இலாகாவைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் என்பவர் 1940-ல் அதைக் கண்டு தெரிவித்தார். சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் நிலத்திலிருந்து அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்து கல்லாகிய மரம் அது. அரியலூர்ச் சுரங்கங்களில் கிளிஞ்சல்களும் வேறு கடற்பிராணிகளின் கல்லுருவங்களும் வண்டி வண்டியாகக் கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்று ஒரு காட்சிச்சாலையும் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவது வழக்கமாயிருக்கிறது. கடல் ஏன் இவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்ற கேள்வியை எழுப்பும் உபாத்தியாயர் சிலரே. அக்காலத்தில் பூமி இப்போதையினும் மிகுந்த உஷ்ணமாயிருந்தது. துருவங்களில் இன்று உள்ளது போன்ற பனிமலைகள் இல்லை. அந்த ஜலமெல்லாம் கடலிலேயே இருந்தது. கடல் மட்டம் உயர்வது என்ற பாடத்துக்கு அரியலூர்ப் பிள்ளை வடதுருவம் வரையில் போக வேண்டிய அவசியமில்லை.

இங்கே குடியானவர்கள் ஓர் ஆட்சேபம் கூறுவதுண்டு. மனிதன் பிறக்குமுன்பே சீதோஷ்ணம் மாறியிருக்கிறதென்றால், இன்று மாறுவதைப் பற்றி மட்டும் இவ்வளவு கூக்குரல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. பழைய மாறுதல்கள் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான வருஷங்களில் நடந்தவை. ஆலைகள் தோன்றுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காயிருந்த கரியமிலவாயு இப்போது 420 பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதற்கு ஆன காலம் முந்நூறு வருஷங்களுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஒரு மனிதன் ஆயுட்காலத்துக்குள் ஏறியது. 2011 முதல் 2020 வரையிலான பத்து வருஷங்களில் உலகத்தின் சராசரி உஷ்ணம் 1850-1900 வருஷங்களைக் காட்டிலும் சுமார் 1.1 டிகிரி அதிகமாயிருந்ததாக சர்வதேச நிபுணர் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாட்டனார் கண்ட பட்டமும் பேரன் காணும் பட்டமும் வேறாகும் வேகம் இது.

சுண்ணாம்புக்கல்லைப் பற்றிப் பேசும்போது சிமெண்டு ஆலைகளைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் நீற்றினால் 44 கிலோ கரியமிலவாயுவாக வெளியேறுகிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். உலகத்தில் மனிதரால் உண்டாகும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலைச் சேர்ந்ததென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரியலூர்ப் பிள்ளைகளுள் பலருடைய தகப்பனார், தமையனார் அவ்வாலைகளிலும், சுரங்கங்களிலும், லாரிகளிலும் ஜீவனம் செய்கிறார்கள். ஆகவே இவ்விஷயத்தை வகுப்பில் பகைமையாகப் போதிப்பதும் தவறு. சங்கடத்தை உத்தேசித்து மறைப்பதும் தவறு. சுரங்கத்தின் அடியில் ஊறும் ஜலம் எங்கே இறைத்து விடப்படுகிறது, பக்கத்துக் கிணறுகளின் மட்டம் என்ன, வேலை முடிந்த பள்ளங்களில் தேங்கும் மழைநீரைப் பயிருக்கு உபயோகிக்கலாமா என்பவை எவரும் கோபமின்றிக் கேட்கக்கூடிய கேள்விகள். அளந்து பார்த்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் சொல்லித் தீரவேண்டும்.

மழை விஷயத்தில் ஒரு மயக்கத்தை முதலில் நீக்கவேண்டும். தமிழ்நாட்டின் வருஷாந்தர மழை சராசரி 900 மில்லிமீட்டருக்குச் சிறிது மேல். அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக் காற்றினால் பெய்வது. சராசரி என்ற சொல் குடியானவனுக்கு அதிகம் பயன்படுவதில்லை. 2016-ல் அப்பருவமழை மாகாணம் முழுவதிலும் வழக்கத்தைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோய், 2017 ஜனவரியில் ஜில்லாக்கள் அனைத்தும் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. ஐந்து வருஷம் கழித்து, 2021-ல், அதே பருவமழை வழக்கத்தைவிட நூற்றுக்கு 59 பங்கு அதிகமாகப் பெய்தது. இவ்விரண்டையும் கூட்டி வகுத்தால் குறையொன்றுமில்லை என்று விடை வரும்! காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. ஆதலால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது நெடுநாள் காய்வதும் இனி அதிகப்படும் என்பது நிபுணர்கள் கருத்து. ஒரு வருஷத்து வறட்சியையோ வெள்ளத்தையோ காட்டி இதுவே சீதோஷ்ண மாறுதல் என்று சாதிப்பது சரியன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். முப்பது வருஷத்துக் கணக்கு இருந்தால்தான் அதைப் பற்றி நிச்சயமாகப் பேசலாம். அதனாலேயே கணக்கு இப்போது தொடங்கவேண்டியதாயிருக்கிறது.

பயிர்களின் பாடும் இதையே காட்டுகிறது. ஈரம் விடாமல் நின்றால் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் காண்கிறது. வெடிக்கும் தறுவாயிலுள்ள பருத்தியில் விடாமழை பெய்தால் பஞ்சு நிறம் கெட்டு விலை விழுகிறது. மக்காச்சோளத்துக்கோ 2018-ல் வந்த படைப்புழுவின் நஷ்டம் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மருந்துக்கடைக்கு ஓடும் குடியானவன், அந்த வாரத்தில் மழை எத்தனை நாள், எவ்வளவு பெய்தது என்று எழுதிவைப்பதில்லை. அவனுடைய பிள்ளை எழுதிவைக்கலாம். வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாருக்கும், வாலிகண்டபுரம், சோழமாதேவி ஆகிய இடங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாருக்கும் அக்குறிப்பைக் காட்டினால் அவர்கள் சொல்லும் யோசனை முன்னைவிடத் திட்டமாயிருக்கும்.

மருதையாறு ஒன்றே ஒரு முழுப் பாடத்துக்குப் போதும். பச்சைமலையில் பிறந்து, இரு ஜில்லாக்களையும் கடந்து, கொள்ளிடத்தில் சேரும் அவ்வாற்றைக் கோடைகாலத்தில் பார்க்கும் பிள்ளை அதை ஆறு என்றே ஒப்பமாட்டான். மணலும் சீமைக் கருவேலமுமே தென்படும். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில் அந்த ஆறு பெருக்கெடுத்து அரியலூருக்குத் தெற்கே ரெயில்வே பாலத்தைக் குலைத்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி வெள்ளத்தில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரெயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமாச் செய்தார். அவர் ராஜிநாமாச் செய்த செய்தி பொது அறிவுப் புஸ்தகங்களில் இருக்கிறது. அந்த ஆற்றின் வெள்ள மட்டம் எவ்வளவு, அன்று மலையில் பெய்த மழை எத்தனை மணி நேரத்தில் பாலத்தை வந்தடைந்தது என்பவை பிள்ளைகளுக்கு எட்டவில்லை. 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததையோ கரையோரத்துப் பிள்ளைகள் தாங்களே அறிவார்கள். வறண்ட ஆற்றிலும் வெள்ளக்குறியைக் கல்லில் பொறித்து வைக்கவேண்டும். ஓடைப் புறம்போக்கில் பயிரிடுவோர் அதைக் காணும்போது சற்றே யோசிப்பார்கள் என்பது இன்னொரு லாபம்.

ஏரிகளைப் பற்றியும் அவ்வாறே. கங்கைகொண்ட சோழபுரத்துக்கருகில் முதல் ராஜேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குகிறது. வெற்றித் தூணைக் கல்லால் நாட்டாமல் ஜலத்தால் நாட்டினான் என்று அவன் காலத்துச் செப்பேடு அதைக் குறிக்கிறது. இதைச் சரித்திரப் பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு, அவ்வேரிக்கு ஜலம் வந்த வாய்க்கால் எது, அது எங்கெங்கே தூர்ந்தது என்பதும் பாடமாகவேண்டும். கரைவெட்டி ஏரி புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி ஜலத்தையும், தன் சுற்றுவட்டத்து மழையையும் பெறுகிறது. பட்டைத்தலை வாத்து முதலிய பறவைகள் இமயமலைக்கு அப்பாலிருந்து அங்கே வந்து தங்குகின்றன. 2024 ஜனவரியில் அது ராம்சர் ஈரநிலங்களின் ஜாபிதாவில் சேர்ந்தது. பறவைகள் எந்த வாரத்தில் வந்து எந்த வாரத்தில் போகின்றன என்பதும், அவ்வாரங்களில் ஏரியின் மட்டம் என்ன என்பதும் ஒரே நோட்டுப் புஸ்தகத்தில் எழுதத்தக்கவை.

இனிச் செய்யவேண்டிய முறை. அதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. நேர்ச்சுவருள்ள எந்தப் பாத்திரமும் மழைமானியாகும். அகலம் எதுவாயினும் நிற்கும் ஜலத்தின் ஆழமே மழையளவு என்பதைப் பிள்ளைகள் முதல் நாளிலேயே வியப்புடன் கண்டுகொள்வார்கள். மரத்துக்கும் சுவருக்கும் ஒதுங்கிய வெளியிடத்தில் அதை வைத்து, தினம் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதிக் கவிழ்த்துவிட வேண்டும். தாலூகா ஆபீசில் அளப்பதும் அவ்வேளையிலேயாதலால் ஒத்துப்பார்க்கலாம். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால் அது மழைநாள். மாத முடிவில் மொத்த மழையையும் மழைநாட்களையும் தனித்தனியே எழுதவேண்டும். பத்து நாளில் பத்துப் பத்து மில்லிமீட்டராகப் பெய்த நூறும், ஓரிரவில் கொட்டிய நூறும் கரிசலில் ஒன்றாகமாட்டா என்பது அப்போது புலப்படும்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,047 லிட்டர் ஜலம். 15 லிட்டர்க் குடத்தால் 270 குடம். ஐந்து சென்டிமீட்டர் கட்டி ஒரு ஏக்கருக்குப் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டருக்குச் சற்று மேலாகிறது. மோட்டார்க் குழாயின் வாயில் 200 லிட்டர்ப் பீப்பாயை வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்க்கச் சொல்லலாம். 40 விநாடியாயின் மணிக்கு 18,000 லிட்டர்; அந்த ஒரு பாய்ச்சலுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடவேண்டும். நெல்லுக்குப் பயிர்க்காலம் முழுவதும் சுமார் 1,200 மில்லிமீட்டரும், மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய அதில் பாதியும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்தக் கிணற்றை நம்பி எத்தனை ஏக்கர் வைக்கலாம் என்று எட்டாம் வகுப்பில் கேட்டால், கரும்பலகையில் வரும் விடை சில சமயம் கிணற்றின் சொந்தக்காரரையே திடுக்கிடச் செய்யும். பள்ளிக்கூடத்தின் கூரையும் கணக்குக்கு உதவும். 200 சதுர மீட்டர்க் கூரையில் 900 மில்லிமீட்டர் பெய்து, நூற்றுக்கு எண்பது பங்கு சேர்ந்தால் 1,44,000 லிட்டர். 200 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் 144 நாட்களுக்கு அது போதும். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது பதித்த குழாய்களுள் இன்று எத்தனை அடைபட்டுக் கிடக்கின்றன என்று பார்ப்பதும் இந்தப் பாடத்தில் சேரும்.

கிணற்று மட்டத்தை மாதம் ஒரு முறை, குறித்த ஒரு தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் அதிகாலையில், கரையிலுள்ள ஓர் அடையாளத்திலிருந்து அளக்கவேண்டும். இதில் கவனம் மிகவும் தேவை. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளில் பிள்ளைகளை அண்டவிடலாகாது. சுவருள்ள கிணறுகளிலும் நாடாவை இறக்குவது பெரியவர் வேலை, படித்து எழுதுவதே பிள்ளைகள் வேலை. இந்த நிபந்தனையைச் சிறிதும் தளர்த்தக்கூடாது. ஊருக்குப் பத்துக் கிணறுகள் போதும். அவற்றுள் மேட்டுக் கிணறும் பள்ளத்துக் கிணறும், ஏரிக்குக் கீழுள்ளதும் எட்டியுள்ளதும், பெருநிலக்காரர் கிணறும் இரண்டு ஏக்கர்க்காரர் கிணறும் இருக்கவேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்க் கிணறு அவசியம் சேரவேண்டும்; அங்குள்ள பிள்ளைகள் மற்ற ஒன்பது கிணறுகளையும் மற்றவர்களோடு சமமாக நின்று அளக்கவேண்டும். ஒரு சாராரை விலக்கி எழுதிய தண்ணீர்க் கணக்கு கணக்காகாது. கோடையில் எந்தக் குழாயில் எத்தனை நேரம் காத்து நிற்கவேண்டியிருக்கிறதென்று பெண் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்லும் நேரத்தையும் ஒரு பத்தியில் எழுதுவது நல்லது.

இதற்கு மிராசுதாரர்களிடமிருந்து எழும் ஆட்சேபம் உபாத்தியாயர் எதிர்பார்ப்பதைவிடப் பலமானது. கிணற்றின் மட்டம் ஊரறிய எழுதப்பட்டால், யார் அதிகம் இறைக்கிறார் என்று தெரிந்துவிடும். நாளை சர்க்கார் அதைக் கொண்டே மின்சாரத்தைக் குறைக்கவோ, வரி போடவோ முற்படலாம் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்தப் பயத்தை மூடத்தனம் என்று தள்ளுவதற்கில்லை. ஆனால் கணக்கில்லாமையால் கிணறு காப்பாற்றப்பட்டதா என்று பார்க்கவேண்டும். நிலத்தடி நீரைப் பற்றி 2003-ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-ல் நீக்கப்பட்டது. சட்டம் ஒருவரையும் தடுக்கவில்லை. ஆயினும் கிணறுகள் வற்றின. பக்கத்துத் தோட்டத்தில் துளை ஆயிரம் அடிக்குப் போனால் அதைத் தடுக்கும் வழியும் எவருக்கும் இல்லை. ஊர்க் கணக்கு ஊரிலேயே இருக்கட்டும், பள்ளிக்கூடத்தின் புஸ்தகத்தை எந்த இலாகாவும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பஞ்சாயத்தார் முதலிலேயே தீர்மானம் எழுதிக்கொள்வது விவேகம்.

ஆந்திர தேசத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 2003 முதல் சில வருஷங்கள், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு, வறட்சிக்குரிய ஏழு ஜில்லாக்களில் அறுநூறுக்கு மேற்பட்ட கிராமங்களின் குடியானவர்கள் தாங்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து எழுதினர். பின்பருவ விதைப்புக்கு முன் ஊர் கூடி, நிலத்தடியில் இவ்வளவு இருக்கிறது, எல்லோரும் நினைத்தபடி வைத்தால் இவ்வளவு வேண்டும் என்று இரண்டு எண்களைச் சுவரில் எழுதுவார்கள். ஒருவரையும் ஒருவரும் தடுக்கவில்லை. எண்களைக் கண்டபின் பல ஊர்களில் நெல்லின் பரப்பு தானாகவே குறைந்தது. மராட்டிய தேசத்து ஹிவ்ரே பஜார் கிராமத்தாரோ வருஷந்தோறும் மழைக்குத் தக்கபடி பயிரை நிர்ணயித்து, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாதென்றும் கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவ்வளவு கடுமை எல்லா ஊருக்கும் பொருந்துமென்று சொல்ல முடியாது. பெரம்பலூரில் தோட்டத்துக்குத் தோட்டம் சொந்தக் கிணறு. இங்கே எண்ணைக் காட்டி விடுவதோடு நிற்பதே உசிதமாகத் தோன்றுகிறது.

பரீட்சைக்கு இது கெடுதல் என்று பெற்றோர் சொல்வதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பின்னம், சதவீதம், கன அளவு, வரைபடம் ஆகிய எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. மேல்நிலை வகுப்பில் வேளாண் அறிவியல் படிக்கும் மாணாக்கருக்கோ இதைவிடப் பொருத்தமான செய்முறைப் பாடம் கிடையாது. உபாத்தியாயர்கள் அடிக்கடி மாற்றப்படுகிறார்கள் என்பதே உண்மையான தடை. ஆகையால் புஸ்தகம் உபாத்தியாயருடையதாயிராமல் பள்ளிக்கூடத்துடையதாக, பக்கங்களுக்கு இலக்கமிட்டு முத்திரை வைத்ததாக இருக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை இங்கே பெரியது. பரம்பரைக் கர்ணங்களின் உத்தியோகம் 1980-ல் எடுபட்டபோது அவர்களோடு பல ஊர்களின் வாய்வழிக் கணக்கும் போயிற்று; அடங்கல் மட்டும் மிஞ்சியது. கிராம நிர்வாக அலுவலர் சென்ற இருபது பசலிகளின் அடங்கலிலிருந்து பயிர்வாரிப் பரப்பை மட்டும் பெயர்கள் இன்றி எழுதிப் பள்ளிக்குக் கொடுத்தால், எந்த வருஷத்தில் பருத்தி ஏறி எள் குறைந்தது, சோளம் போய் மக்காச்சோளம் வந்தது என்பதைப் பிள்ளைகள் கோடு வரைந்து காட்டிவிடுவார்கள். 1883-ல் தொடங்கிய ஏரிச் செப்பனிடும் திட்டத்தின்போது ஏரிதோறும் கொள்ளளவு, ஆயக்கட்டு, மதகு, கலங்கல் மட்டம் இவற்றைக் குறித்து விவரக் குறிப்புகள் எழுதப்பட்டன. அதன் பிரதி கிடைக்கும் ஊர்களில் பழைய கொள்ளளவையும் இன்றைய வண்டலையும் ஒப்பிடுவது பெரிய வகுப்புக்குரிய வேலை. நீர்வள இலாகாவார் அளக்கும் சோதனைக் கிணற்றின் எண்களை அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் மாதந்தோறும் எழுதச் செய்வது கலெக்டரின் ஒரு சுற்றறிக்கையால் ஆகக்கூடியது. ஏரியின் நீர்பாய்ச்சி இன்னும் உயிரோடிருக்கும் ஊர்களில் அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பேசவைப்பதற்குச் சுற்றறிக்கைகூட வேண்டாம்.

2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றுள் ஒன்று மார்ச்சு 22, தண்ணீர் தினம். அன்று செலவுக் கணக்கு படிக்கப்படுவதற்கு முன்னால், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி எழுந்து நின்று, சென்ற வருஷத்து மழை, மழைநாள், ஏரி மட்டம், பத்துக் கிணறுகளின் தை மாதத்து மட்டம் ஆகியவற்றை வாசிக்கவேண்டும். தலைவர் அதைத் தீர்மானப் புஸ்தகத்தில் பதியவேண்டும். கோடையில் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாட்களில் மழைமானியைப் பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை முன்னதாகவே நியமித்துவிட வேண்டும்; இல்லாவிடில் கோடை மழை கணக்கில் விட்டுப்போகும். முதல் அளவை ஆனி மாதத்தில், ஆடிப்பட்டத்து விதைப்புக்கு முன், கிணறுகள் மிகவும் தாழ்ந்திருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. நாடா, மழைமானி, தடித்த அட்டையுள்ள நோட்டுப் புஸ்தகம் இரண்டு, மதகுச் சுவரில் அடிக்கோடு எழுத ஒரு டப்பா வர்ணம் ஆகியவற்றுக்குப் பஞ்சாயத்து நிதியை எதிர்பார்த்துக் காத்திராமல், கிணறுடைய பத்துப் பேர் சேர்ந்தாலே வாங்கிக் கொடுத்துவிடலாம்.